கையுறைக்கும் ஒரு கணக்கு உண்டு

நமது பகுதியில் வெளியான விளையாட்டு மலரொன்றில் இலங்கையின் விக்கெட் காப்பாளர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருக்கிறது. அதன் சாரம் நான்கு வாதங்களுக்குள் அடங்கிவிடும். மஹேஷ் குணதிலக்க ஐந்து டெஸ்ட் ஆடி, 22 என்ற சராசரியோடு போனவர். அவரைக் கொண்டாட ஒன்றுமில்லை. பிரசன்ன ஜயவர்தன, சங்கக்கார இருக்கும்போது தேவையில்லாத ஆள். ஒரு துடுப்பாட்ட வீரரின் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றவர். முரளிதரனின் விக்கெட்டுகள் முரளிதரனுடையவை. ஸ்டம்புக்குப் பின்னால் நின்றவர்களுக்கு அதில் பங்கு கிடையாது. ஆகவே தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் கையுறையில் காலத்தை வீணாக்காமல் மட்டையைப் பிடிக்கப் பழக வேண்டும்.

நான்கும் தவறு. முதல் மூன்றும் வரலாற்றுக்குச் செய்த அநியாயம். நான்காவது, நம் பிள்ளைகளுக்குச் செய்கிற கேடு. அந்த நான்காவது வாதம் இல்லாதிருந்தால் இந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டேன். பட்டிப்பொலையிலும் அம்பேவெலையிலும் மைதானத்துக்கு வருகிற பிள்ளைகள் அச்சில் வந்ததை நம்புகிறவர்கள். அவர்களிடம் பொய்க் கணக்கைக் கொடுத்துவிட்டு யாரும் சும்மா போக முடியாது.

முதலில் குணதிலக்கவைப் பார்ப்போம். 1982 பெப்ரவரி 17 அன்று கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆட இறங்கியது. எதிரணி இங்கிலாந்து. நம் அணியின் காப்பாளர் கேகாலையில் பிறந்த மஹேஷ் குணதிலக்க. டி. எஸ். டி சில்வா, அஜித் டி சில்வா, லலித் களுப்பெரும என்று மூன்று சுழற்பந்து வீச்சாளர்கள். ஒருவர் மணிக்கட்டால் சுழற்றுபவர், ஒருவர் இடக்கையர், ஒருவர் ஓஃப் ஸ்பின்னர். மூவருக்கும் ஸ்டம்பை ஒட்டிக் குந்தி நிற்க வேண்டியவர் ஒரே மனிதர். முதல் இன்னிங்ஸில் இலங்கை 218, இங்கிலாந்து 223. டெஸ்ட் தகுதி பெற்றுச் சில மாதங்களே ஆன அணி, முதல் இன்னிங்ஸில் ஐந்தே ஓட்டங்கள்தான் பின்தங்கியது. பிறகு தோற்றோம், ஏழு விக்கெட்டால். ஆனால் அந்தத் தோல்வி துடுப்பாட்டம் சரிந்ததால் வந்தது. இரண்டாம் இன்னிங்ஸில் மூன்று விக்கெட்டுக்கு 167 என்றிருந்த அணி 175க்குச் சுருண்டது. கையுறைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

கட்டுரையாளர் குணதிலக்கவின் 22.12 என்ற சராசரியை எடுத்துக் காட்டுகிறார். அதே மைதானத்தில், அதே ஐந்து நாட்களில், இங்கிலாந்துக்காக ஸ்டம்புக்குப் பின்னால் நின்றவர் யார் என்பதை அவர் சொல்லவில்லை. பொப் டெய்லர். முதல்தர ஆட்டங்களில் 1,649 பேரை ஆட்டமிழக்கச் செய்து உலகச் சாதனை வைத்திருக்கிற காப்பாளர். 57 டெஸ்ட் ஆடினார். அவருடைய டெஸ்ட் சராசரி 16.28. ஒரு சதம்கூட இல்லை. 1980இல் பம்பாயில் இந்தியாவுக்கு எதிரான ஒரே டெஸ்டில் பத்துப் பிடிகள் எடுத்தார். துடுப்பாட்டச் சராசரி ஒன்றுதான் அளவுகோல் என்றால், உலகம் தன் மிகச் சிறந்த காப்பாளர்களில் ஒருவராக மதிக்கிற டெய்லரும் குப்பைக்குத்தான் போக வேண்டும். குணதிலக்க அவரைவிட ஏறத்தாழ ஆறு ஓட்டம் மேலே நிற்கிறார். கட்டுரையாளர் டெய்லரைத் தூக்கி எறியத் தயாரா? தயாரில்லை என்றால் குணதிலக்கவைத் தூக்கி எறிய எந்த நியாயமும் இல்லை. ஒரே தராசில் இருவரையும் நிறுத்த வேண்டும். ஒருவருக்கு ஒரு படிக்கல், மற்றவருக்கு வேறொன்று என்பது நேர்மையல்ல.

குணதிலக்கவின் ஐந்து டெஸ்டுகள் என்ற எண்ணிக்கையையும் கட்டுரையாளர் ஏதோ திறமைக் குறைவின் சான்று போல வைக்கிறார். உண்மை வேறு. இலங்கை ஆடிய முதல் ஐந்து டெஸ்டுகளும் அவருடையவை: கொழும்பில் ஒன்று, பாகிஸ்தானில் மூன்று, 1982 செப்டெம்பரில் சென்னையில் ஒன்று. ஐந்திலும் அவரைவிட நல்ல காப்பாளர் நாட்டில் இருக்கிறார் என்று தேர்வாளர்கள் நினைக்கவில்லை. அவருடைய டெஸ்ட் வாழ்க்கையை முடித்தது திறமைக் குறைவு அல்ல. அந்த ஆண்டு இறுதியில் பந்துல வர்ணபுர தலைமையில் தென்னாபிரிக்கா சென்ற அணியில் அவரும் சேர்ந்தார். சென்றவர்களுக்கு 25 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. பிற்பாடு தடை தளர்ந்தபோது அவர்களுடைய ஆட்டக்காலம் முடிந்திருந்தது.

இந்த இடத்தில் நான் எதையும் மூடி மறைக்கப் போவதில்லை. நிறவெறி ஆட்சி நடந்த நாட்டில் பணத்துக்காக ஆடச் சென்றது பெருந்தவறு. 1948இல் ஒரே குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழ் மக்களின் வழிவந்தவன் நான். பிறப்பை வைத்து மனிதரைப் பிரிக்கிற அரசுக்கு மைதானத்தில் மரியாதை சேர்க்கப் போனவர்களுக்கு என்னால் சாக்குச் சொல்ல முடியாது. அந்தத் தவறை அந்தப் பெயரிலேயே எழுதுங்கள். ஆனால் கட்டுரையாளர் அதைச் செய்யவில்லை. நிறவெறியைப் பற்றி அவருடைய கட்டுரையில் ஒரு வரி இல்லை. ‘ஐந்தே டெஸ்ட்’ என்று மட்டும் எழுதி, அறத்தில் சறுக்கிய ஒருவரைத் தொழிலில் தோற்றவராகக் காட்டுகிறார். இரண்டு வேறு குற்றச்சாட்டுகளை ஒன்றாக்கி, உண்மையானதை விழுங்கிவிட்டுப் பொய்யானதை நிறுத்துகிறார். இது விமர்சனமே அல்ல.

அடுத்தது பிரசன்ன ஜயவர்தன. இங்கே எதிராளி விரும்புகிற களத்துக்கே போகலாம். அவர் கேட்கிற ஓட்டக் கணக்கிலேயே பேசலாம்.

குமார் சங்கக்கார 134 டெஸ்ட் ஆடினார். அவற்றில் 48 டெஸ்டுகளில் அவரே காப்பாளர். அந்த 48இல் அவருடைய சராசரி 40.48. கையுறையைக் கழற்றிவிட்டுத் துடுப்பாட்ட வீரராக மட்டும் ஆடிய 86 டெஸ்டுகளில் சராசரி 66.78. ஒரு இன்னிங்ஸுக்கு 26 ஓட்டங்களுக்கு மேல் வித்தியாசம். 2006 ஜூலையில் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக அவர் 287 அடித்தாரே, மஹேல ஜயவர்தனவோடு சேர்ந்து 624 ஓட்டங்கள் என்ற உலகச் சாதனை இணைப்பாட்டம் படைத்தாரே, அந்த ஆட்டத்தில் கையுறை அணிந்திருந்தவர் பிரசன்ன. சங்கக்காரவின் முழங்காலும் முதுகும் விரலும் துடுப்பாட்டத்துக்குப் புதிதாக இருந்ததற்குக் காரணம், அதற்கு முன் காப்பாளரின் உழைப்பை வேறொருவர் சுமந்தது.

இப்போது கூட்டிப் பாருங்கள். சங்கக்கார காப்பாளராகவே தொடர்ந்திருந்தால் அவர் தருவது 40.48. பிரசன்ன காப்பாளராக நின்றால் சங்கக்காரவிடமிருந்து 66.78, பிரசன்னவிடமிருந்து 29.50. மொத்தம் 96.28. பிரசன்னவை நீக்கிவிட்டு அந்த இடத்தில் கட்டுரையாளர் கேட்கிற ‘முழுநேரத் துடுப்பாட்ட வீரர்’ வந்தால், இதைச் சமன் செய்ய அவருக்கு 55.80 சராசரி இருக்க வேண்டும். அது அரவிந்த டி சில்வாவுக்கும் இல்லை. மஹேல ஜயவர்தனவுக்கும் இல்லை. ஆறாவது ஏழாவது இடத்தில் ஆட அப்படி ஒருவரை இலங்கை எங்கே ஒளித்து வைத்திருந்தது?

சங்கக்காரவின் முன்னேற்றத்துக்கு வயதும் அனுபவமும்கூடக் காரணம் என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும், அதில் உண்மை இருக்கிறது. வித்தியாசத்தில் பாதியை அந்தக் கணக்கில் எழுதிவிடுவோம். அப்போதும் பிரசன்னவின் இடத்தில் வருகிறவர் 42 ஓட்டங்களுக்கு மேல் சராசரி வைத்திருக்க வேண்டும். அதுவும் கையுறையால் கிடைத்த பிடிகளையும் ஸ்டம்பிங்குகளையும் ஒரு ஓட்டமாகக்கூட மதிக்காமல் போட்ட கணக்கு. தேவையில்லாத ஆள் என்று கட்டுரையாளர் அழைத்தவர், அவருடைய சொந்தத் தராசிலேயே அணிக்கு லாபம்.

பிரசன்ன மட்டையால் ஒன்றும் செய்யாதவரும் அல்ல. 2009 நவம்பரில் அஹமதாபாத்தில் இந்தியாவுக்கு எதிராக மஹேலவோடு ஆறாவது விக்கெட்டுக்கு 351 ஓட்டங்கள் சேர்த்தார். அப்போது அது உலகச் சாதனை. அவருடைய பங்கு ஆட்டமிழக்காமல் 154. டெஸ்ட் சதங்கள் நான்கு. ஆனால் இதைப் பெரிதாக முன்வைத்து அவரைக் காப்பாற்ற நான் விரும்பவில்லை. அப்படிச் செய்தால், மட்டையால் மட்டுமே ஒரு காப்பாளர் மன்னிப்புப் பெற முடியும் என்கிற எதிராளியின் பிழையை நானும் ஏற்றுக்கொண்டதாகிவிடும். 58 டெஸ்டுகளில் 124 பிடிகள், 32 ஸ்டம்பிங்குகள். பிரசன்னவின் தகுதிப் பத்திரம் இதுதான்.

அந்த ஸ்டம்பிங்குகளின் எண்ணிக்கை நம்மை மூன்றாவது வாதத்துக்கு அழைத்து வருகிறது. முரளிதரன் நம்மவர். தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஒரு தமிழரின் பேரன். அவருடைய 800 டெஸ்ட் விக்கெட்டுகளில் ஒரு விக்கெட்டைக்கூட யாரும் குறைக்க முடியாது. ஆனால் அவரைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் நின்றவர்களை அழிப்பது அவருடைய கலையையே புரிந்துகொள்ளாத செயல்.

முரளிதரனின் ஓஃப் ஸ்பின் வலக்கை ஆட்டக்காரருக்கு வெளியே விழுந்து உள்ளே திரும்பும். திரும்புகிற பந்துக்கும் காப்பாளரின் கண்ணுக்கும் நடுவில் ஆட்டக்காரரின் உடம்பு நிற்கும். பந்து ஒரு கணம் மறைந்து, இடுப்பருகே காலின் பக்கமாக வெளிவரும். காப்பாளரால் அதைப் பார்த்துப் பிடிக்க முடியாது. எங்கே வெளிவரும் என்று முன்னதாகவே அறிந்து அங்கே கையை வைத்திருக்க வேண்டும். அதற்கு முரளியின் மணிக்கட்டை அவர் கையிலிருந்து பந்து விடுபடும்போதே வாசிக்கத் தெரிய வேண்டும். அதே அசைவில் எதிர்ப்பக்கம் போகும் தூஸ்ராவும் வரும். உலகின் தலைசிறந்த துடுப்பாட்ட வீரர்கள் வாசிக்கத் தடுமாறிய அந்தப் பந்தை, ஒவ்வொரு பந்தும் வாசித்தாக வேண்டியவர் காப்பாளர். ஆட்டக்காரருக்குத் தப்பினால் காலால் தடுக்கலாம், விட்டுவிடலாம். காப்பாளருக்குத் தப்பினால் நான்கு ஓட்டம் பை. அல்லது கைவிட்ட ஸ்டம்பிங்.

அதோடு முடியவில்லை. காப்பாளர் ஸ்டம்பை ஒட்டி, கை தவறாமல் நிற்கிறார் என்று தெரிந்தால் ஆட்டக்காரர் கோட்டைத் தாண்டி இறங்கப் பயப்படுவார். கோட்டுக்குள்ளேயே நிற்கிற ஆட்டக்காரருக்குத்தான் பந்து விழுந்து திரும்பப் போதிய தூரம் கிடைக்கும். எல்.பி.டபிள்யூ. அங்கேதான் விழும். ஷோர்ட் லெக்கில் பிடி அங்கேதான் எழும்பும். ஸ்கோர் புத்தகத்தில் முரளியின் பெயர் இருக்கும். பிடித்தவரின் பெயர் இருக்கும். அந்த ஆட்டக்காரரைக் கோட்டுக்குள் கட்டிப்போட்டவரின் பெயர் இருக்காது. புத்தகத்தில் இல்லாததால் நடக்கவில்லை என்று சொல்வது அறியாமை. 2007 டிசம்பரில் கண்டி அஸ்கிரியவில் இங்கிலாந்தின் கொலிங்வூட்டை முரளி போல்ட் செய்து 709ஆவது விக்கெட்டோடு உலகச் சாதனையைத் தாண்டியபோது ஸ்டம்புக்குப் பின்னால் பிரசன்ன நின்றார். அது போல்ட் ஆன விக்கெட். காப்பாளருக்கு எழுத்தில் பங்கில்லை. அந்த நாளில் ஒவ்வொரு ஓவரும் ஆட்டக்காரரின் காதுக்குப் பின்னால் குந்தியிருந்த அழுத்தம் மட்டும் அங்கே இருந்தது.

எழுத்தில் பங்குள்ள ஒன்று வேண்டுமா? 1996 மார்ச் 13, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ், இந்தியாவுக்கு எதிரான உலகக் கிண்ண அரையிறுதி. இலங்கையின் காப்பாளர் ரொமேஷ் களுவித்தாரண துடுப்பெடுத்தாடி எடுத்தது பூச்சியம். அந்தத் தொடர் முழுவதும் ஆறு இன்னிங்ஸில் அவர் எடுத்தது 73 ஓட்டங்கள். கட்டுரையாளரின் கணக்கில் அவர் அன்று எதுவும் செய்யவில்லை. ஆனால் இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 98. டெண்டுல்கர் 65. ஜயசூரியவின் பந்து காலின் பக்கம் போகிறது. டெண்டுல்கர் கோட்டுக்கு வெளியே. களுவித்தாரண ஸ்டம்பை உடைத்தார். 98க்கு ஒன்று என்றிருந்த இந்தியா 120க்கு எட்டு ஆனது. நான்கு நாட்கள் கழித்து லாகூர் இறுதிப் போட்டியில் அவர் அடித்தது 6; அவுஸ்திரேலியாவின் ஷேன் வோனை முரளியின் பந்தில் ஸ்டம்ப் செய்ததும் அவரே. உலகக் கிண்ணத்தை நாம் தூக்கிய கதையில் அந்த இரண்டு கைகளுக்கு இடமில்லை என்று சொல்கிறவர், அந்தத் தொடரைப் பார்க்கவில்லை. ஓட்டப் பட்டியலை மட்டும் பார்த்திருக்கிறார்.

நம்மூரில் இருந்துகொண்டு இப்படிக் கணக்குப் போட ஒருவரால் எப்படி முடிந்தது என்பதுதான் என்னை வருத்துகிறது. தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டுகிறவரின் பெயருக்கு நேராகத் தராசில் ஒரு கிலோ கொழுந்தும் விழாது. அவர் வெட்டிய மலையில் சில மாதங்களுக்குக் கொழுந்தே இருக்காது. அதனால் கணக்கப்பிள்ளை அவருக்குப் பேர் போடாமல் விடுகிறாரா? அவர் வெட்டாவிட்டால் அடுத்த வருடங்களில் கூடைக்கு என்ன வரும் என்பது மலையில் வேலை செய்த எல்லாருக்கும் தெரியும். நிறையில் வராத உழைப்பும் உழைப்பே என்பதை உலகத்துக்குச் சொல்லித்தர வேண்டிய மக்கள் நாம்.

வெளியுலகம் இதை அறியாமலும் இல்லை. அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்போலின் ஆரம்ப காலத்தில், 1880களில், டெட்ராய்ட் அணிக்குச் சார்லி பென்னட் என்றொரு கேச்சர் இருந்தார். பந்தை வீசுகிறவருக்கு எதிரே குந்தி இருந்து பிடிக்கிறவர். நம் காப்பாளரின் நெருங்கிய உறவுக்காரர். அன்றைய கையுறை பேருக்குத்தான் கையுறை; கேச்சர்களின் விரல்கள் உடைந்து கோணலாகி நிற்கும். பென்னட்டின் மட்டைச் சராசரி .256, சாதாரணமானது. அவர் பெயர் பெற்றது தடுப்பில். 1894இல் ஒரு ரயில் விபத்தில் இரண்டு கால்களையும் இழந்தார். 1896இல் டெட்ராய்ட் தன் புதிய மைதானத்துக்குப் பென்னட் பார்க் என்று பெயர் வைத்தது. பல வருடங்கள் ஒவ்வொரு பருவத்தின் தொடக்க நாளிலும் முதல் பந்தைப் பிடிக்க அவரையே அழைத்து வந்தது. அந்த நகரத்து மக்களுக்கு அதிக ஓட்டமெடுத்த ஆட்டக்காரர்கள் இல்லாமல் இல்லை. ஆனாலும் தங்கள் மைதானத்தின் மேல் அவர்கள் எழுதியது பந்தைப் பிடித்தவரின் பெயரை.

இனி நான்காவது வாதம், பிள்ளைகளுக்குச் சொன்ன புத்திமதி. ஒரு டெஸ்ட் நாளில் 90 ஓவர். அதாவது 540 பந்துகள். காப்பாளர் 540 தடவை குந்தி எழும்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் பந்தோடு சேர்ந்தே எழும்ப வேண்டும், முந்தியும் கூடாது பிந்தியும் கூடாது. விரல் நுனி நிலத்தைப் பார்க்க வேண்டும். கை பந்தை மோதாமல் பின்வாங்கி வாங்க வேண்டும். தலை பந்தின் கோட்டில் நிற்க வேண்டும். 539 பந்துகளைச் சுத்தமாகப் பிடித்ததற்கு ஸ்கோர் புத்தகத்தில் ஒரு கோடும் விழாது. ஒன்றை விட்டால் ‘பை’ என்று எழுதுவார்கள். தவறு மட்டும் பதிவாகிற இந்த வேலையில் தளராமல் நிற்கிற பிள்ளைக்கு வேண்டிய மனவுறுதி, சதமடிக்கிற பிள்ளைக்கு வேண்டியதைவிடக் குறைந்ததல்ல.

பட்டிப்பொலை நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம் உள்ள ஊர். ஆறாயிரத்து இருநூறு அடிக்கு மேலே பனியிலும் தூறலிலும் பந்து நனைந்து வழுக்கும். காலையில் விரல் விறைத்துப்போகும். அந்த ஈரப் பந்தைச் சரளமாகப் பிடிக்கிற ஒரு பிள்ளை எங்கே போனாலும் பிடிக்கும். எங்கள் தோட்டத்துச் சுற்றுப்போட்டிகளில் நடப்பது என்ன? துடுப்பெடுத்தாடவும் தெரியாது, பந்து வீசவும் தெரியாது என்று கருதப்படுகிற பிள்ளையைக் கீப்பராக நிறுத்துகிறார்கள். பரிசளிப்பில் சிறந்த துடுப்பாட்ட வீரருக்கு ஒரு கிண்ணம், சிறந்த பந்துவீச்சாளருக்கு ஒரு கிண்ணம், தொடர் நாயகனுக்கு ஒன்று. கீப்பருக்குக் கைதட்டலும் கிடையாது. ஏற்கெனவே இப்படி இருக்கிற இடத்தில், அந்தப் பிள்ளையின் கையிலிருக்கிற கையுறையும் வீண் என்று ஒரு பெரியவர் எழுதினால், அடுத்த வருடம் கையுறையை எடுக்க யார் முன்வருவார்கள்?

கட்டுரையாளர் தன் வாதத்தைக் கைவிட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை, அதே மலரின் அடுத்த இதழில், அதே அளவு எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். போட்டி நடத்துகிறவர்களிடமும் கேட்கிறேன்: இந்த வருடம் முதல் சிறந்த காப்பாளருக்கும் ஒரு கிண்ணம் வையுங்கள். அதைத் தீர்மானிக்க ஓட்டத்தைப் பார்க்காதீர்கள். விட்ட பைகளையும், எடுத்த பிடிகளையும், செய்த ஸ்டம்பிங்குகளையும், தவறவிட்ட வாய்ப்புகளையும் ஒருவர் உட்கார்ந்து எழுதட்டும். பயிற்சியாளர்களுக்கு ஒரு வார்த்தை: அணியிலேயே நல்ல கை உள்ள பிள்ளையைத் தேடி ஸ்டம்புக்குப் பின்னால் நிறுத்துங்கள், மிஞ்சிய பிள்ளையை அல்ல. அடுத்த முரளிதரன் நம் லயங்களிலிருந்து வரலாம். அவருக்கு ஒரு காப்பாளரும் வேண்டும். அந்தக் காப்பாளரை இன்றே வளர்க்கத் தொடங்க வேண்டும்.